எங்க ரிங்லெட் வீடு: சொந்தக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

போன தீபாவளிக்கு எல்லாரும் மேல வந்திருந்தப்ப எங்க அண்ணன் பொண்ணு அடுப்படியில நின்னுக்கிட்டு "இந்த வீட்ட யாரு கட்டினது"ன்னு கேட்டுச்சு, அங்க இருந்த ஏழு பேரும் ஏழு விதமா பதில் சொன்னாங்க. பாட்டி 2019ல போயிட்டாங்க. இப்ப ஒழுங்கா தெரிஞ்ச ஆளு எங்க அப்பா ஒருத்தர்தான், அவருக்கும் எழுபது தாண்டிடுச்சு. அதனால சனிக்கெழம சனிக்கெழம ஈப்போவுலேருந்து ஏறிப் போயி, அவர உக்கார வச்சு கேட்டு, பாட்டியோட பிஸ்கட் டின்னுல இருக்குற பழைய கடுதாசிங்களோட ஒத்துப் பாத்து இத எழுதுறேன். கல்யாண வீட்டுலயும் வாட்சப்புலயும் திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கதான் எல்லாம்.

கேள்வி: வீடு சரியா எங்க இருக்கு? தானா ராத்தாவா, ரிங்லெட்டா?

ரிங்லெட். தாப்பாவுலேருந்து பழைய ரோட்டுல ஏறினா ஏறக்குறைய 45 கிலோமீட்டர்ல கேமரன் மலையோட முதல் பட்டணம் அதுதான், தானா ராத்தா அதுக்கும் மேல. ஏறும்போது பேராக்கு, ரிங்லெட் வந்துட்டா பகாங். கடல் மட்டத்துலேருந்து 1,100 மீட்டருக்கு மேல இருக்கும், அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சட்டைக்கு மேல இன்னொரு சட்டை வேணும். நம்ம குடும்பத்துல "மேல"ன்னா கேமரன், "கீழ"ன்னா தாப்பாவும் அதுக்கு அப்பால இருக்குற முழு மலேசியாவும், இத தெரிஞ்சிக்கிட்டாதான் அப்பா பேசுறது புரியும்.

பட்டணத்து கோப்பிக்கடைங்கள தாண்டி, டீ தோட்டத்துக்குப் போற ரோட்டுல கொஞ்ச தூரம் போயி, இடது பக்கம் சிமெண்டு போடாத பாதை ஒண்ணு மேட்டுல ஏறும். அந்த மேட்டு வீடுதான்.

கேள்வி: நம்ம ஆளுங்க மலைக்கு எப்படி வந்தாங்க? எல்லாரும் கித்தா காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்குத்தானே வந்தாங்க?

நம்ம ஆளுங்களும் மொதல்ல கித்தா காட்டுக்குத்தான் வந்தாங்க. தாத்தாவோட அப்பா சேலம் ஜில்லா ஆத்தூர் பக்கம், கங்காணி ஒருத்தர் ஊருக்கு வந்து ஆள் சேத்தப்ப பேர் குடுத்தவரு. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி பினாங்குல எறங்கி, புலாவ் ஜெரெஜாக் தீவுல கொரண்டைன்ல இருந்துட்டு, தாப்பா பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தாங்க. அப்ப தாத்தாவுக்கு ஒம்போது வயசு, 1937. அடுத்த வருஷமே, 1938ல, இந்திய அரசாங்கம் இந்த மாதிரி கூலிக்கு ஆள் அனுப்புறத நிறுத்திடுச்சு, ஒரு வருஷம் பிந்தியிருந்தா நாமெல்லாம் ஆத்தூர்லயே இருந்திருப்போம்.

மலைன்னு பாத்தா அது அப்ப ரொம்ப புதுசு. வில்லியம் கேமரன்ங்கிற சர்வேக்காரர் 1885ல இந்த மலைய அளந்துட்டுப் போனாரு, அதுக்கப்புறம் நாப்பது வருஷம் பெருசா ஒண்ணும் நடக்கல. 1925ல மலாயா அரசாங்கத்துல பெரிய அதிகாரியா இருந்த ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பாத்துட்டு இத மலைவாசஸ்தலமா ஆக்கணும்னு சொன்ன பெறகுதான் தாப்பா ரோடு போட ஆரம்பிச்சாங்க, 1929ல ரஸ்ஸல் துரை போ டீ தோட்டத்த ஆரம்பிச்சாரு, பின்னாடியே வேற டீ தோட்டங்களும் வந்துச்சு. காட்ட வெட்டி கன்னு நட ஆள் வேணும்ல, கீழ ரப்பர் தோட்டத்துல இருந்த நம்ம ஜனங்களே கொஞ்ச கொஞ்சமா மேல ஏறுனாங்க. நம்ம குடும்பம் லோரியில ஏறி வந்தப்ப குளிருக்கு போத்திக்க ஒண்ணும் இல்லாம அரிசிச் சாக்க கிழிச்சு போத்திக்கிட்டாங்கன்னு பாட்டி சொல்லுவாங்க. பாட்டி குடும்பமும் அதே லயத்துலதான் (தோட்டத்து ஆளுங்களுக்கான வரிசை வீடு), நாலு கதவு தள்ளி.

கேள்வி: பெரிய தாத்தா (தாத்தாவோட அப்பா) போட்டோ ஏன் வீட்டுல இல்ல?

போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடியே அவர் போயிட்டாரு. ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் பாதைக்கு ஆள் புடிச்சிட்டுப் போனாங்க, சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர்ல ரெண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்துச்சு. மலாயா தோட்டங்கள்லேருந்து போன தமிழ் ஆளுங்கள்ல பல ஆயிரம் பேர் காலராவுலயும் மலேரியாவுலயும் பட்டினியிலயும் செத்துட்டாங்க. பெரிய தாத்தா போனவரு போனவருதான். என்ன தேதின்னு தெரியாததால ஆடி அமாவாசைக்கு அவருக்குப் படைக்கிறோம், அதான் அன்னைக்கு எல எண்ணிக்கையில ஒண்ணு கூட வரும், இனிமே யாரும் "ஏன் ஒரு எல ஜாஸ்தி"ன்னு கேக்க வேணாம்.

பிஸ்கட் டின்னுல ஒரு ஜப்பான் நோட்டு இருக்கு, பத்து வெள்ளி, வாழமரம் போட்டது. அதுலதான் அவரோட கடைசி சம்பளம் வந்துச்சு. ஜப்பான்காரன் தோத்ததும் அது வெறும் கடுதாசியாப் போச்சு, இருந்தும் பாட்டி அத வீசல.

கேள்வி: எமெர்ஜென்சில தாத்தா காட்டு ஆளுங்களுக்கு சோறு குடுத்தாராமே?

குடுக்கல. இந்தக் கதைய யாரு கெளப்புனதுன்னு தெரிஞ்சும் அவங்க மனசு நோகக்கூடாதுன்னு இங்க எழுதல. 1948லேருந்து 1960 வரைக்கும் எமெர்ஜென்சி, லயத்த சுத்தி முள்ளுக்கம்பி, ராத்திரி கர்ஃபியூ, அரிசி அளந்துதான் குடுப்பாங்க, வேலைக்குப் போகும்போது கேட்டுல சோத்துத் தூக்க தொறந்து காட்டிட்டுப் போகணும், காட்டுல இருக்குற கம்யூனிஸ்ட்காரங்களுக்கு ஒரு பிடி சோறும் போகக்கூடாதுங்கிறதுக்காக. சந்தேகப்பட்டு புடிச்சது பாட்டியோட சித்தப்பாவ. மூணு வாரம் வச்சிருந்துட்டு விட்டுட்டாங்க. ரெண்டும் கலந்து ஒரே கதையா ஆயிடுச்சு.

கேள்வி: லயத்துல வீடு சும்மா குடுத்தாங்கள்ல, அப்புறம் ஏன் தனியா வீடு கட்டினாங்க?

இதுதான் எல்லாத்துலயும் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

லயத்து வீடு தோட்டத்தோடது. வேலை இருக்குற வரைக்கும் வீடு, வேலை போனா வீடும் போகும். வயசாயி வேலைய விட்டாலும், கை கால் விழுந்தாலும், துரைகிட்டயோ கிராணிகிட்டயோ (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) வாய் பேசுனாலும் சாமான தூக்கிக்கிட்டு கெளம்பணும். பாட்டி கல்யாணமான புதுசுல பக்கத்து வீட்டுக்காரர் பேக்டரியில கை மாட்டி நாலு வெரல் போச்சு, புண்ணு ஆறுனதும் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. அவரு பொஞ்சாதி பெரட்டுக்களத்துல (வேலைக்குப் பேர் கூப்பிடுற எடம்) அம்மியயும் ரெண்டு பிள்ளைங்களயும் வச்சிக்கிட்டு மழையில லோரிக்காக நின்னத பாட்டி கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அந்த அம்மி, அந்த மழை, அவ்ளோதான் சொல்லுவாங்க, சொல்லிட்டு வேற வேலைய பாப்பாங்க. அன்னைக்கு ராத்திரிதான் தாத்தாகிட்ட "கூரை நம்மளுதா இருக்கணும்"னு சொன்னாங்களாம்.

தாத்தா தோட்டத்துல தச்சு வேலை, லயத்துக்குக் கதவு ஜன்னல் போடுறவரு, வீடு கட்டத் தெரியும். ஆனா எமெர்ஜென்சி முடியுற வரைக்கும் கம்பிக்கு வெளிய குடியிருக்க முடியாது, கையில காசும் இல்ல. 1960ல எமெர்ஜென்சி முடிஞ்சுச்சு, அதே சமயத்துல ரிங்லெட்டுக்குப் பக்கத்துல கரண்டு எடுக்குறதுக்காக பெரிய அணை வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு, இப்ப நீங்க ரோட்டுலேருந்து பாக்குற ஏரி அந்த அணையால வந்ததுதான், பெர்த்தாம் ஆத்துத் தண்ணிய மலைக்குள்ள குகை வெட்டி பேராக் பக்கம் எறக்கி கரண்டு எடுக்குறாங்க. சிமெண்டு ஊத்துறதுக்குப் பலகை அடிக்க தச்சருங்க வேணும், தோட்டத்து சம்பளத்த விட கூலி கூட. தாத்தா துணிஞ்சு தோட்டத்து வேலைய விட்டுட்டு அங்க போயிட்டாரு, லயத்த காலி பண்ணுறதுக்குள்ள மேட்டுல நிலம் கேட்டு லைசன்ஸ் வாங்கி, 1961ல வீட்ட எழுப்பிட்டாரு. அப்பாவுக்கு அப்ப ஒம்போது வயசு, வளைஞ்ச ஆணிய கல்லுல வச்சு தட்டி நிமித்துறது அவரு வேலை. முன் ரூம்பு தரைப் பலகையில இன்னும் அந்த ஆணிங்க இருக்கு, தலை ஒரு பக்கம் சாஞ்சு இருக்கும் பாருங்க.

கேள்வி: அடுப்படி சுவத்துல இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் இருக்கே, அது என்ன?

டீப் பெட்டி. அந்தக் காலத்துல டீத்தூள சாக்குல கட்ட மாட்டாங்க, ப்ளைவுட் பெட்டியில அடைச்சு ஓரத்துக்கெல்லாம் தகரப் பட்டை அடிச்சுதான் கப்பலுக்கு அனுப்புவாங்க, தூள்ல ஈரம் ஏறாம இருக்க உள்ள அலுமினியக் கடுதாசி ஒட்டியிருக்கும். முனை ஒடஞ்ச பெட்டிங்கள தோட்டத்துல கழிச்சுப் போடுவாங்க. தாத்தா கிராணிகிட்ட கேட்டு கேட்டு ரெண்டு வருஷமா சேத்து வச்சது. பெரிய பலகை வாங்குன காசு முன் ரூம்போட முடிஞ்சிடுச்சு, அடுப்படியும் பின் ரூம்பும் முழுக்க டீப் பெட்டிப் பலகைதான்.

கிட்டப் போயி பாருங்க. ஒவ்வொரு பலகையும் கை ரெண்டையும் விரிச்சா அளக்குற அளவுகூட இருக்காது, ஓரத்துல தகரப் பட்டைய பிரிக்காம அப்படியே விட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி அடிச்சிருக்காரு, அதனால மழைச் சாரல் உள்ள வராது. கறுப்பு மையில பெட்டி நம்பரு, 'நெட்'னு போட்டு எடை. அடுப்புக்கு மேல இருக்குற பலகை மட்டும் தலகீழா இருக்கும். எங்க சின்ன அத்தை பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே இந்தச் சுவத்தப் பாத்துதான் இங்கிலீஷ் எழுத்து கத்துக்கிட்டாங்க. பின் ரூம்புல அலுமினியக் கடுதாசிய பிய்க்காம உள்பக்கமா திருப்பி அடிச்சிருக்காரு, அறுபது வருஷத்து அடுப்புப் புகையில இப்ப கறுத்துப் போச்சு, ஆனா டார்ச் அடிச்சா ஒரு மூலையில இன்னும் மினுங்கும். அந்த ரூம்புதான் வீட்டுலயே கதகதப்பா இருக்கும். பிள்ளை பெத்தவங்கள அங்கதான் படுக்க வச்சாங்க.

கேள்வி: எல்லாரும் "தாத்தா வீடு"ன்னு சொல்றாங்க, நீங்க மட்டும் ஏன் "பாட்டி வீடு"ன்னு சொல்றீங்க?

ஏன்னா வீட்ட கட்டினது தாத்தா, காப்பாத்துனது பாட்டி. தாத்தா மெர்டேகா (சுதந்திரம்) சமயத்துல குடியுரிமைக்கு மனு போட்டு எடுத்துட்டாரு, பாட்டிக்கு போடல. கைப்பிள்ளையோட ஆபீஸ் ஆபீஸா அலைய முடியல, "ஒருத்தருக்கு இருந்தா போதும்"னு விட்டுட்டாங்க. அதனால பாட்டிக்கு சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற அடையாள அட்டை. தாத்தா அணைக்குப் போனாலும் பாட்டி டீ தோட்டத்துல கொழுந்து பறிச்சிக்கிட்டுதான் இருந்தாங்க. 1968ல ஒரு சட்டம் வந்துச்சு, குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்யணும்னா பெர்மிட் வேணும்னு, 1969லேருந்து அத கண்டிப்பா பாக்க ஆரம்பிச்சாங்க. தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க பல ஆயிரம் பேர், பாத்தே இல்லாத ஊருக்கு கப்பல் ஏறிப் போனாங்க. நம்ம பெரிய அத்தையோட மாமியார் குடும்பம் அப்படிப் போனதுதான், இப்ப சேலத்துலேருந்து போன் பண்ணுற மாமா அந்த வீட்டுப் பிள்ளை.

பாட்டிக்கு வேலை போச்சு. ஆனா வீடு போகல, ஏன்னா கூரை லயத்துது இல்ல. மறுநாள் காலையில சங்குல (மண்வெட்டி) எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் பின்னாடி சரிவுல எறங்குனவங்கதான். அதுக்கு முன்னாடி அங்க நாலு சௌசௌ கொடியும் வாழையும்தான். பாட்டி ஒரு வருஷத்துல பதினோரு தட்டு வெட்டிட்டாங்க, ஒவ்வொரு தட்டுக்கும் கல்ல தலையில சொமந்து அணை கட்டினாங்க. நம்ம தோட்டம்னு நீங்க சொல்றது முழுக்க அந்த சிவப்பு ஐசியால வந்தது. எங்க அப்பா, ரெண்டு அத்தைங்க, சித்தப்பா, நாலு பேரும் படிச்சது அந்த முட்டைக்கோசுலதான்.

கேள்வி: என்னென்ன பயிர் போட்டாங்க?

முட்டைக்கோஸ், தக்காளி, பீன்ஸ், சௌசௌ. கோழிச் சாணம்தான் உரம், மூட்ட மூட்டயா கீழேருந்து லோரியில வரும், அந்த வாரம் பூரா ஈ மொய்க்கும். பிறகு அப்பா காலத்துல செவ்வந்திப் பூ, அதுக்கு பிளாஸ்டிக் கூரை போடணும், ராத்திரி லைட்டு போடணும், ஏன்னா செவ்வந்தி ராத்திரி நீளமானாதான் மொட்டு விடும், லைட்ட போட்டு ஏமாத்தி செடிய ஒசரமா வளத்துட்டு அப்புறம் அணைக்கணும். நீங்க ராத்திரி பஸ்ல வரும்போது மலையில தெரியுற வெளிச்சமெல்லாம் அதுதான். சரக்கு எடுக்க சீனத் தவுக்கே (மொத்த வியாபாரி) லோரி ரோட்டு முனைக்கு வரும், அவரு சொல்றதுதான் வெலை.

கேள்வி: நிலம் நம்ம பேருல இருக்கா? பங்கு பிரிச்சா என்ன வரும்?

பங்கு பிரிக்க முடியாது. கெரான், அதாவது நிலப்பட்டா, கிடையாது. நிலம் மாநில அரசாங்கத்தோடது, நம்மகிட்ட இருக்குறது டி.ஓ.எல், மலாய்ல எல்.பி.எஸ்னு சொல்லுவாங்க, தற்காலிகமா இருந்துக்கன்னு குடுக்குற லைசன்ஸ். கேமரன்ல காய்கறி போடுறவங்க நெறைய பேர் இப்படித்தான் இருக்காங்க. 1965 தேசிய நிலச் சட்டப்படி அந்த லைசன்ஸ் டிசம்பர் 31ஓட முடியும், வருஷா வருஷம் காசு கட்டி புதுப்பிக்கணும், இன்னொருத்தர் பேருக்கு மாத்த முடியாது, எழுதிக் குடுக்க முடியாது, விக்க முடியாது. வச்சிருக்கிறவர் எறந்துட்டா லைசன்சும் அதோட முடிஞ்சிடும், பிள்ளைங்களுக்கு சொத்தா வராது.

இந்தக் கடைசி விஷயம் நமக்குத் தெரியாம பட்ட பாடு இருக்கே. 1984ல தாத்தா தவறிட்டாரு, மார்ச் மாசம். அப்பா அடுத்த ஜனவரியில எப்பவும் போல காசு கட்டப் போனாரு, கவுண்டர்ல பேர பாத்துட்டு "இவரு இல்லைன்னா இதுவும் இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. பத்து மாசமா நாம லைசன்ஸ் இல்லாம குடியிருந்திருக்கோம். பாட்டி சிவப்பு ஐசி, அதனால அப்பா பேருல புதுசா மனு போட்டு, ரெண்டு வருஷம் பஸ் ஏறி ஏறி அலைஞ்சு, 1987ல கெடச்சுச்சு. அந்த ரெண்டு வருஷமும் பாட்டி புதுசா ஒரு தட்டு கூட வெட்டல, ஒரு ஆணி கூட அடிக்கல. "லயத்துல துரை கையில இருந்தோம், இங்க கடுதாசி கையில இருக்கோம்"னு சொல்லுவாங்க. டின்னுல 1961லேருந்து, அந்த ரெண்டு வருஷம் தவிர, ஒரு வருஷம் விடாம ரசீது இருக்கு, மொதல்ல கையெழுத்து, அப்புறம் டைப்பு, இப்ப கம்ப்யூட்டர். அப்பாவுக்கு அப்புறம் யாரு பேருல மனு போடுறதுன்னு இப்பவே உக்காந்து பேசணும், அத பேசக் கூப்பிட்டா "ஏன் நல்ல நாள்ல இந்தப் பேச்சு"ன்னு எழுந்து போகாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

கேள்வி: பின்னாடி ஏன் ரெண்டு தட்டு காணோம்?

மண் சரிவு. மேல ஒரு தோட்டத்துக்காக மரத்தெல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்க, மண்ண புடிச்சிக்கிறதுக்கு வேரு இல்ல, நவம்பர் மழையில ஒரு ராத்திரி பாட்டியோட பத்தாவது பதினோராவது தட்டும் கல்லோட போயி ஓடையில விழுந்துச்சு. ஏரி இப்ப பால்கோப்பி கலர்ல இருக்குறதுக்கும் காரணம் இந்த மாதிரி மலை பூராவும் கரைஞ்சு வர்ற மண்ணுதான். ஆள் யாருக்கும் ஒண்ணும் ஆகல. பாட்டி மட்டும் ஒரு வாரம் பின் கதவ தொறக்கல.

கேள்வி: முனியாண்டி கல்ல எடுத்துட்டு கார் நிறுத்த எடம் பண்ணலாமா?

கூடாது. வீட்டுக்கு முன்னாடியே வந்தது அந்தக் கல்லு, தாத்தா நிலத்த வெட்டும்போது மொதல்ல நட்டது. கார ரோட்டு முனையில விட்டுட்டு நடந்து வாங்க.

கேள்வி: நாங்க வந்து ரெண்டு நாள் தங்கலாமா?

தாராளமா. அப்பாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணிடுங்க, அவரு காலையில பூ வெட்டப் போயிட்டா போன் எடுக்க மாட்டாரு, மத்தியானம் அடிங்க. தாப்பா வழியா வந்தா பிள்ளைங்களுக்கு வளைவுல வாந்தி வரும், லாத்தா இஸ்கந்தார் அருவிகிட்ட நிறுத்தி கொஞ்சம் காத்து வாங்க விடுங்க. பழைய போட்டோ, பொறந்த சூரா (பிறப்புச் சான்றிதழ்), தாத்தா பாட்டி கையெழுத்து இருக்குற எதுவா இருந்தாலும் எடுத்துட்டு வாங்க, நான் போன்ல படம் புடிச்சிட்டு அங்கேயே திருப்பிக் குடுத்துடுறேன். டீப் பெட்டி சுவத்துக்கு யாரும் பெயிண்டு வாங்கிட்டு வராதீங்க, போன வருஷம் ஒருத்தர் ஆசையா ரெண்டு டின்னு வாங்கிட்டு வந்து அப்பா ரொம்ப சங்கடப்பட்டுட்டாரு.

சாவி வாசல்ல செருப்பு வைக்கிற பலகைக்கு அடியில. பாட்டியோட விறகடுப்ப மட்டும் நீங்களா பத்த வைக்காதீங்க, புகைபோக்கித் தகரம் ஓட்டை விழுந்திருக்கு, அப்பா புதுசு அடிக்கிற வரைக்கும் கேஸ்லயே சமைச்சுக்குங்க.